பதினேழாவது முகம்

அத்தியாயம் 11

"என்னக்கா இது, வாயில இருந்து தண்ணி ஊத்துது?"

கோவிந்தன் காரை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தான். கேட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கருங்கல் தூண்கள். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஒரு முகம். புடைத்த கண், அகன்ற மூக்கு, திறந்த வாய். விடியற்காலையிலிருந்து விடாமல் பெய்த ஐப்பசித் தூறல் மேலே தேங்கி, அந்த வாய்கள் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"பல்லு வேற வெச்சிருக்கான் பாரு. இந்த வூட்டுக்கு நாய் வளக்கற செலவு மிச்சம்."

"வாய மூடுடா. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். உனக்கென்ன தெரியும்?" என்றார் முன் சீட்டில் இருந்த பச்சியப்பன்.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள் பானுமதி, கோவிந்தனின் அக்கா. கம்பைநல்லூரிலிருந்து கிளம்பியதிலிருந்தே, அவசரப்படுகிறோமோ என்று யோசித்துக்கொண்டே வந்தாள். தர்மபுரி தாண்டி, பாலக்கோடு தாண்டி, மாரண்டஹள்ளியும் தாண்டியாயிற்று. யோசனை ஓயவில்லை.

கணவன் போய் மூன்று வருஷம். அங்கன்வாடி டீச்சர் சம்பளத்தில் பானுமதி கரையேற்றிய ஒரே மகள் கவிப்பிரியா, இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் இன்ஜினீயர் முருகேஷ். இரண்டு மாதத்துக்கு முன்னால் முருகேஷின் அம்மா ராமக்காள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனாள். அவர்களுக்குப் பிடித்திருந்தது, பெண்ணுக்கும் சம்மதம். இன்றைக்குப் பெண் வீட்டார் முறைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். பானுமதியின் கணவனுக்கு அண்ணன் பச்சியப்பன்; பெண்ணுக்குத் தாய்மாமன் கோவிந்தன்; அப்புறம் பானுமதி.

"மாமா," என்றாள் அவள் மெதுவாக. "காபி குடிச்சிட்டுக் கிளம்பிடலாம்ங்க. சாப்பாடு இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

"ஏம்மா?"

"ஒரு ரெண்டு நாள் யோசிச்சிட்டு..."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? எந்தம்பி உசுரோட இருந்திருந்தா இந்நேரம் உள்ள போயி, 'எங்க இலை'ன்னு கேட்டிருப்பான்."

வீடு பார்க்கப் போன இடத்தில் காபி குடிக்கலாம், பழம் தின்னலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்தாயிற்று என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்குகிறவர்களைச் சொந்தபந்தம் ஒரு விசேஷத்துக்கும் மதித்துக் கூப்பிடாது. பச்சியப்பன் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கிறார் என்பது பானுமதிக்குத் தெரிந்துபோயிற்று.

காரை விட்டு இறங்கியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ கொஞ்சம் பின்னால வாம்மா. தப்பா எடுத்துக்காத. நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்."

கோவிந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பானுமதி பார்வையாலேயே அவனை அடக்கினாள். பெற்ற மகளுக்கு வீடு பார்க்க வந்தவள், குடையை மடக்கிக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக நடந்தாள்.

சுற்றுவட்டாரத்தில் அந்த வீட்டுக்கு மூஞ்சி பங்களா என்று பேர். கல்குவாரி கான்ட்ராக்ட் எடுத்துக் கொழித்த முனியப்பன் என்பவர் கட்டியது, முருகேஷுக்குக் கொள்ளுத்தாத்தா. ஏதோ ஒரு துரை கொடுத்த பிஸ்கட் டப்பாவின் மூடியில் சீமைக் கோட்டைப் படம் ஒன்று இருந்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டே கொத்தனார்களை விரட்டி விரட்டிக் கட்டினாராம். இரண்டு மூலையிலும் உருண்டைக் கோபுரங்கள், பல் பல்லாக மேல்சுவர், அம்பு விடுகிற சந்து மாதிரி ஒடுங்கிய ஜன்னல்கள். படத்தில் மழைத்தண்ணீர் போகிற வழி இல்லை போலிருக்கிறது. கோபுரச் சுவரெல்லாம் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது.

"வாங்கண்ணா, வாங்க. உள்ள வாங்க தங்கச்சி, ஏன் பின்னாலயே நிக்கறீங்க?"

ராமக்காள் வாசலுக்கே வந்து பானுமதியின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அவள் நெற்றியிலும் பொட்டில்லை. அந்தக் கை சில்லென்று இருந்தது.

கூடத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக விழுந்த சிவப்பும் பச்சையும் தரையில் அழுக்கு நீர் போலத் தேங்கியிருந்தன. சுவர் முழுக்க எண்ணெய்ச் சாய ஓவியங்கள். பனிமலை, குதிரை மேல் துரை, மடியில் நாய்க்குட்டியோடு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. சாயம் செதில் செதிலாக உரிந்து, சீமாட்டிக்கு ஒரு கண் இல்லாமல் போயிருந்தது.

ஓவியங்களுக்குக் கீழே வரிசையாகக் கல் முகங்கள். மீசை வைத்தவை, தலைப்பாகை கட்டியவை, ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி கூட.

"இதெல்லாம் யாருங்க?" என்றார் பச்சியப்பன்.

"எல்லாம் இந்த வூட்டு ஆளுங்கதான்ண்ணா. மொதல்ல இருக்கறது பெரியவரு முனியப்பன். கடைசியா இருக்கறது எங்க வூட்டுக்காரரு." ராமக்காள் குரலில் பெருமை ஏறியது. "இங்க உசுரோட இருக்கறவங்க மூஞ்சிய வைக்கறதில்லைங்க. காலமாயிட்டா, வருஷ திதிக்குள்ள செதுக்கி வெச்சிருவோம். நாலு தலைமொறையா ஒருத்தரையும் விட்டதில்ல. கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டாலும் எம் பசங்க இதை நிறுத்த மாட்டாங்க."

"அப்ப நமக்கு இங்க இடம் கெடைக்கறது கஷ்டம்தான்," என்று சொல்லிப் பச்சியப்பன் சிரித்தார்.

சிரித்தது அவர் ஒருவர்தான். முருகேஷ் சட்டென்று, "மாமா, இந்தப் பெயிண்டிங் பாருங்க, அந்தக் காலத்துல கப்பல்ல வந்தது," என்று அவரை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனான். நல்ல பையன்தான். பார்வையில் மரியாதை இருந்தது. ஆனால் வந்ததிலிருந்து பானுமதியின் முகத்தை அவன் ஒரு தடவை கூட நேராகப் பார்க்கவில்லை.

மூலையில் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் முருகேஷின் அண்ணன் சந்திரமோகன். எழுந்து கும்பிட்டவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். மார்பு வரைக்கும் தாடி.

"சாமிக்கு வேண்டுதலுங்களா?" என்று கேட்டான் கோவிந்தன்.

பதிலை ராமக்காள்தான் சொன்னாள். "சம்சாரம் மாசமா இருக்குதில்லீங்க. அதான் சவரம் பண்றதில்ல."

"ஆமா, உங்க பெரிய மருமக," என்றாள் பானுமதி. "சுசித்ராதானே பேரு? அன்னிக்கு ஏழு மாசம்னீங்க. வளைகாப்பு போட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. அம்மா வூட்லதான் இருக்குது."

"எந்த ஊருங்க அவங்களுக்கு?"

"அது... கர்நாடகா பக்கம்." ராமக்காள் எழுந்துவிட்டாள். "காபி ஆறிடும், எடுத்தாறேன்."

சந்திரமோகன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை பிறக்கப் போகிற வீட்டில் ஒரு சந்தோஷக் களை இருக்குமே, அதைத் தேடித் தேடிப் பார்த்தாள் பானுமதி. தட்டுப்படவில்லை.

காபி குடித்து முடித்ததும் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். முருகேஷ் அவசரமாக எழுந்தான்.

"வெளியில இருக்குதுங்க அத்த. இப்படிச் சுத்திப் போனீங்கன்னா கெணத்தடிக்குப் பக்கத்துல."

போகும்போது சரியாகத்தான் போனாள். திரும்பி வரும்போது மழை வலுத்துவிட்டது. வந்த வழி முழுக்கச் செம்மண் தண்ணீர் ஓடியது. சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், "இப்படி உள்ளால வாங்கம்மா, படிக்கட்டு வழியா நேரா கூடத்துக்குப் போயிரலாம்," என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

அது கோபுரத்துக்குள் சுற்றிச் சுற்றி ஏறுகிற கல் படிக்கட்டு. அதன் அடியில்தான் கூடத்துக்குப் போகிற சின்னக் கதவு இருந்தது. பானுமதி அதைத் தள்ளப் போனவள் நின்றாள்.

படிக்கட்டுச் சுவரிலும் முகங்கள்.

இவை மரத்தில் செய்தவை. எல்லாம் பெண்கள். கூடத்துக் கல் முகங்கள் ஆண்களுடையவை மட்டுமே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெண்களுக்கு இந்த இருட்டுப் படிக்கட்டு. எண்ணெய் தடவித் தடவிக் கறுத்த முகங்கள், காதில் பாம்படம், மூக்கில் புல்லாக்கு, ஒவ்வொன்றுக்கும் கீழே பேரும் வருஷமும் வெட்டிய பித்தளைத் தகடு. அங்கன்வாடியில் பிள்ளைகளின் தலையை எண்ணி எண்ணிப் பழகிய பழக்கம், தன்னையறியாமல் எண்ணிக்கொண்டே படியேறினாள். பதினாலு, பதினைந்து, பதினாறு.

பதினேழாவது முகம் கறுப்பாக இல்லை.

பலா மரத்தின் மஞ்சள் இன்னும் மாறவில்லை. உளி பட்ட இடங்களில் வாசனை கூட இருந்தது. கீழே தகடு இல்லை. ஆணி அடிக்க இரண்டு துளைகள் மட்டும் போட்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமம். மேலே ஒரு முழம் கனகாம்பரம், இன்று காலையில் வைத்தது.

சின்னப் பெண். இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. லேசாகத் திறந்த உதட்டில் ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் ஏறியிருந்தது.

பானுமதி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்த அன்று ராமக்காள் தன் போனில் பெரிய மகனின் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். 'இதான் பெரிய மருமக சுசித்ரா. வர முடியல, மாசமா இருக்குது.' போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பானுமதி கேட்டிருந்தாள், புருவத்தில் என்ன காயம் என்று. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததாம்.

இங்கே உயிரோடு இருக்கிறவர்கள் முகத்தை வைப்பதில்லை.

கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ராமக்காள் நின்றிருந்தாள். பானுமதியைப் பார்த்தாள், அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தம்ளரை மெதுவாகப் படியில் வைத்துவிட்டு, தானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப?" என்றாள் பானுமதி.

"ஆனி மாசம். நாலு மாசம் ஆயிருச்சு."

"மாசமா இருக்குதுன்னு சொன்னது?"

"அது நெசம். அஞ்சு மாசம். ரெண்டு உசுரும் ஒண்ணாத்தான் போச்சு." ராமக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பெரியவன் அந்தத் தாடியை எடுக்க மாட்டேங்கறான். சோத்துக்குக் கூப்புட்டா வர்றான், படுன்னா படுக்கறான். தாடிய எடுடான்னா மட்டும் எந்திரிச்சுப் போயிடறான்."

"எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"மருமக செத்து வருஷம் திரும்பாத வூட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? நீங்க குடுப்பீங்களா? ஒரு வருஷம் போகட்டும்னேன். சின்னவன் கேக்கல. உங்க பொண்ணையே இப்பவே கட்டணும்னு நின்னான். நான் என்ன பண்ணட்டும்?"

மேலே கோபுரத்தின் இடுக்கு வழியாக மழை உள்ளே தெறித்தது. பானுமதிக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

"எங்ககிட்ட மறைச்சீங்க. அப்பறம் இந்த மூஞ்சிய எதுக்கு இங்க கொண்டாந்து மாட்டினீங்க? ஒரு வருஷம் பொறுத்திருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேனே."

ராமக்காள் தலை நிமிரவில்லை.

"வாயில பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. ஆனா அவள எடமில்லாம வெளியில நிறுத்த மனசு வரல. இந்த வூட்டுக்கு வெளக்கேத்த வந்தவ. புரட்டாசி அமாவாசையில படையல் வெக்கறப்ப, பதினாறு பேருக்கும் பூ வெச்சிட்டு, அவளுக்கு எங்க வெப்பேன்? செதுக்கறவரு வருஷ திதிக்குக் குடுத்தாப் போதாதான்னு கேட்டாரு. நான்தான் சீக்கிரம் குடுங்கன்னேன்."

பானுமதிக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்தது அழுகை. அதை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"எப்படிச் செத்தா?"

ராமக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களத்தான் கேக்கறேன். இருவத்தஞ்சு வயசுப் பொண்ணு. எப்படிச் செத்தா?"

ராமக்காள் மேலே பார்த்தாள். கோபுரப் படிக்கட்டு இருட்டுக்குள் சுற்றிப் போய் மறைகிற இடத்தை. வாய் திறந்தாள். அதற்குள் கூடத்திலிருந்து முருகேஷின் குரல் வந்தது.

"அம்மா, இலை போட்டாச்சு. பெரியவங்கெல்லாம் உக்காந்துட்டாங்க."

பானுமதி ஓடினாள். படியில் இருந்த தம்ளர் காலில் பட்டு உருண்டது. கூடத்தைக் கடந்து சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது நீள மேஜையில் வாழையிலைகள் விரித்திருந்தன. பச்சியப்பன் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோவிந்தன், எதிரே சந்திரமோகன்.

"மாமா, கை வெக்காதீங்க."

பச்சியப்பன் நிமிர்ந்தார். அவர் விரல்களில் சாம்பார் சாதம். முதல் கவளம் வாய்க்குள் போயிருந்தது.

சாதம் பரிமாறிய முருகேஷின் கரண்டி அப்படியே நின்றது.

"என்னம்மா பேசற நீ? நல்ல காரியத்துல..." பச்சியப்பனின் முகம் சிவந்தது. "இலையில உக்காந்தவன எந்திரின்னு சொல்றதுக்கு உனக்கு எவ்வளவு தைரியம்?"

கோவிந்தன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவன் இலையில் சாதம் அப்படியே இருந்தது. அப்பளத்தை மட்டும் ஒடித்திருந்தான். காரணம் கேட்கவில்லை. இலையை மூடாமல், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"டேய், உக்காருடா."

"அக்கா சொல்லுது மாமா. ஏதோ இருக்குது."

"என்ன இருக்குது? சொல்லச் சொல்லு, இங்கயே, எல்லாரும் கேக்கட்டும்."

பானுமதி வாயைத் திறந்தாள். அப்போதுதான் சந்திரமோகனின் கண்களைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எங்கிருந்து வருகிறாள், எந்த முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கல்லைப் போல உட்கார்ந்து, அவள் சொல்லப் போகிற சொல்லுக்காகக் காத்திருந்தான்.

அந்த மனிதனுக்கு எதிரில் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றேன் மாமா. அதுவரைக்கும் அடுத்த வாய் வெக்காதீங்க."

"அத்த," என்று முருகேஷ் முன்னால் வந்தான். "கவிகிட்ட வேண்டாம்ங்க. நானே சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"நீங்க இத்தன நாளாச் சொல்லல தம்பி. இன்னும் ஒரு பத்து நிமிஷம் சொல்லாம இருங்க."

வெளியே போர்டிகோவில் வந்து நின்றாள். சாரல் புடவையை நனைத்தது. மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்வது பெரிதில்லை. பச்சியப்பன் மாமா பேச மாட்டார், கை நனைத்த பின் மாறியதற்குச் சொந்தபந்தம் ஒதுக்கி வைக்கும்; அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் கவிப்பிரியா உடைந்து போவாள். அவளை எப்படித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டேதான் பானுமதி நம்பரை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா, பெரியப்பா சாப்ட்டாரா?"

"கவி, நான் சொல்றத நிதானமாக் கேளு. அந்த மூத்த மருமக சுசித்ரா..."

அந்தப் பக்கம் ஹாஸ்டலில் யாரோ வாளியை இழுக்கிற ஓசை கேட்டது.

"பாத்துட்டியாம்மா?" என்றாள் கவிப்பிரியா.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவ உசுரோட இல்லைங்கறது தெரியுமாடி?"

"தெரியும்மா. முருகேஷ் மூலமாப் பழகி, நாங்க போன்ல பேசிக்குவோம். சாகற அன்னிக்கு மத்தியானம் சுசித்ராக்கா எனக்கு மூணு தடவ போன் பண்ணாங்க. மீட்டிங்ல இருந்தேன். மூணாவது தடவதான் எடுத்தேன். அதுக்கப்பறம் அவங்க யார்கிட்டயும் பேசல."

மழை இரைந்தது. பானுமதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்ன சொன்னா உங்கிட்ட?"

"'நீ முருகேஷைக் கட்டிக்க, சந்தோஷமா இரு. ஆனா இந்த வூட்டுக்கு மட்டும் வாழ வந்துராத கவி'ன்னு சொன்னாங்க."

"அதைக் கேட்ட பின்னாடியுமா நீ சம்மதம் சொன்ன?"

"அதைக் கேட்டதாலதாம்மா சொன்னேன்," என்றாள் மகள். அவள் குரலில் அழுகையே இல்லை. "அக்காவுக்கு என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கணும். அந்த வூட்டுக்குள்ள போறதுக்கு எனக்கு வேற வழி இல்ல."